முன்வரிசை கடைசியாக வரட்டும்

தரை பலவீனமாக இருந்த பக்கத்தில் என் மகள் நின்றிருந்தாள். எல்லாரும் போன பிறகு கடைசியாக அவள் வரட்டும் என்று அன்று சொன்னது யார்? அவளுடைய அம்மாவா, பழைய கட்டடங்களை ஆராய்ந்து சொல்லும் வேலையில் இருந்த கட்டடக் கலைஞரா? இரண்டு பேரும் நான்தான். இருந்தும் இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

ஆக்லாந்தில் கட்டடத் துறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதும் பகுதிக்கு என்னையும் எழுதச் சொன்னீர்கள். என் தலையில் இன்னும் நரை விழவில்லை. நடை பழகும் குழந்தை வைத்திருக்கிறேன். ஆனாலும் வேலையை விட்டவள் என்ற முறையில் தகுதி வந்துவிட்டது போலிருக்கிறது. கோபம் ஆறிய பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அது ஆறுவதாகத் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

நியூ லின்னில் ரயிலை விட்டு இறங்கி நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு பழைய கம்பளி ஆலை இருக்கிறது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த வரைபடத்தை வைத்து, இங்கே சுட்ட செங்கல்லில் கட்டியது. இரண்டு தளம். தடித்த சுவர், வார்ப்பிரும்புத் தூண்கள், கைக்கு அடங்காத கனத்தில் மர உத்தரங்கள். கூரை ரம்பப் பல் போல வரிசையாக ஏறி இறங்கும். ஒவ்வொரு பல்லிலும் ஒரு பக்கம் கண்ணாடி. நெய்கிறவர்களுக்குச் சீரான வெளிச்சம் கிடைக்கட்டும் என்று அந்தக் கண்ணாடியை வடக்குப் பார்த்து வைப்பது இங்கிலாந்தின் வழக்கம். அங்கே வெயில் தெற்கிலிருந்து வரும், வடக்கில் கண் கூசாது. இங்கே வெயில் வருவதே வடக்கிலிருந்துதான். வரைபடத்தில் வடக்கு என்று போட்டிருந்ததால் இங்கும் வடக்கிலேயே வைத்துவிட்டார்கள். உள்ளே வேலை செய்தவர்கள் வெந்துபோயிருப்பார்கள். பிறகு யாரோ கண்ணாடிக்கு வெள்ளைச் சாயம் பூசியிருக்கிறார்கள். அந்தச் சாயத்தின் மிச்சம் இன்னும் ஓரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

வேலையில் சேர்ந்த புதிதில் என் மேலாளர் என்னை அழைத்துக்கொண்டு போன முதல் கட்டடம் இதுதான். இந்த ஊர்க்காரப் பெண்மணி. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கொடுத்தது. அதை மறைக்கப் போவதில்லை. செங்கல் அடுக்கிய முறையைப் பற்றி நான் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, செங்கல் எங்கேயும் போகாது, முதலில் தரை எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார், மனிதர்கள் கட்டடத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்பது வரைபடத்தில் இருக்காது, தேய்ந்த இடத்தில்தான் இருக்கும் என்றார். நான் உங்களுக்குச் சொல்ல நினைக்கும் பாடமும் இதுதான். இதைச் சொல்லிக் கொடுத்தவரே மறந்துபோனார் என்பதுதான் மீதிக் கதை.

ஆலை மூடிய பிறகு அந்த இடம் மரச்சாமான் கிடங்கானது. மேல் தளத்தில் கிழக்குச் சுவரையொட்டி, கம்பளிப் பொதிகளைக் கயிறு கட்டி மேலே இழுப்பதற்காக ஒரு திறப்பு இருந்தது. அலமாரியும் கட்டிலும் ஏறுவதற்காக அதைப் பெரிதாக வெட்டினார்கள். அடுத்து தொலைபேசியில் பதில் சொல்லும் அலுவலகம் வந்தது. அவர்களுக்குத் திறப்பு வேண்டாம். மெல்லிய சட்டம் அடித்து, பலகை போட்டு மூடி, மேலே கம்பளம் விரித்துவிட்டார்கள். பார்த்தால் தெரியாது. ஒவ்வொருவரும் அந்தக் கட்டடத்தைத் தங்களுக்கு ஏற்றபடி வளைத்துவிட்டுப் போனார்கள். அதில் தவறில்லை, கட்டடங்கள் அப்படித்தான் பிழைத்துக் கிடக்கின்றன. கடைசியாகக் கீழே ஒரு காபிக் கடையும் மேலே நம்முடைய பரதநாட்டிய வகுப்பும் வந்தன.

நடன வகுப்பு நடத்துகிறவர் யாழ்ப்பாணத்துக்காரர். எல்லாருக்கும் அவர் டீச்சர். ஊர் ஊராகப் பள்ளிக்கூட மண்டபங்களில் ஒண்டிக்கொண்டிருந்த வகுப்புக்கு முதல் முறையாக நிலையான இடம் கிடைத்திருந்தது. வாடகை குறைவு, மரத்தரை, ரயில் பக்கத்தில். ஊரின் மறுகோடியில் இருக்கும் பாட்டனி டவுன்ஸிலிருந்துகூடப் பிள்ளைகளைக் கூட்டிவந்தார்கள். என் மகள் இனியாவுக்கு அப்போது ஆறு வயது. நானும் அங்கே சேர்த்தேன்.

இடத்தை வகுப்புக்குக் கொடுப்பதற்கு முன்னால் உரிமையாளர் எங்கள் அலுவலகத்திடம்தான் கேட்டார். நான் அப்போது இரண்டாவது பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தேன். அலுவலகம் சரியாகவே யோசித்தது. மூடிய திறப்பின் மேல் கனம் கூடாது. ஆகவே பிள்ளைகள் வாசல் பக்கம், அதாவது மேற்கே ஆடட்டும். கிழக்குச் சுவரோரம் காலணி அடுக்கும் தட்டும் பைகளும் இருக்கட்டும். வாசலில் செருப்பு குவிந்தால் தீ விபத்து நேரத்தில் தடுக்கும், அதற்கும் இது நல்லது. வரைபடம் போட்டுக் கொடுத்தார்கள். வகுப்புக் குழுவும் சம்மதித்தது.

இப்போது நீங்களே சொல்லுங்கள். செருப்பைக் கிழக்கே உள்ளே கொண்டுபோய் வைத்து, நடராஜரை வாசலோரம் நிறுத்தும் தமிழர் யாராவது உண்டா? முதல் நாளே எல்லாம் மாறிவிட்டது. யாரும் விதியை மீறுவதாக நினைக்கவில்லை. சாமியை எங்கே வைப்பது என்பது கட்டடச் சங்கதி என்றே யாருக்கும் தோன்றவில்லை. செருப்பு வாசலுக்கு வந்தது. நடராஜர் கிழக்குச் சுவருக்குப் போனார். பிள்ளைகள் அவரைப் பார்த்து நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் முன்வரிசையில், சாமிக்குப் பக்கத்தில், மூடிய திறப்பின் மேலே.

நான் விடுப்பில் இருந்ததால் வரைபடத்தைப் பார்க்கவில்லை. இனியாவைப் பெரும்பாலும் என் கணவர்தான் கொண்டுபோய் விடுவார்.

ஆண்டு விழாவுக்கு முந்தைய ஒத்திகை ஒரு சனிக்கிழமை காலை நடந்தது. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக ஆடும் நாள். அன்று கைக்குழந்தையோடு நான் போனேன். அவளை மேலே அனுப்பிவிட்டுக் கீழே காபி வாங்க நின்றேன். மேலே டீச்சர் தாளம் போடும் தட்டுக்கழியின் சத்தம் தொடங்கியது. பிள்ளைகளின் பாதங்கள் ஒரே நேரத்தில் விழுந்தன. காபிக் கடையின் கூரையிலிருந்து விளக்குகள் நீளமான கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன. வாசல் பக்கத்து விளக்குகள் அசையவில்லை. கிழக்கே இருந்தவை மட்டும் தாளத்துக்குச் சரியாக ஆடின. இரண்டு பேர் அதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கடைப்பெண் மேசையைத் துடைத்துக்கொண்டே, சனிக்கிழமை ஆனால் மேலேயிருந்து கொஞ்சம் தூசி விழும், அழகாக இருக்கிறது இல்லையா என்று கேட்டாள்.

மரச்சாமான் கிடங்கு, திறப்பு, பலகை எல்லாம் எனக்கு ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. கீழே இருந்தவர்களை வாசல் பக்கம் வரச் சொல்லும்படி கடைப்பெண்ணிடம் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தே அவள் கேள்வி கேட்காமல் செய்தாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினேன்.

வாசலுக்குள் பெற்றோர்கள் தரையில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் பெரிய பிள்ளைகள், அதற்கு முன்னால் சின்னவர்கள். கோடியில், சாமிக்கு நேர் முன்னால், இனியா. ஓடிப்போய் அவளைத் தூக்க வேண்டும் என்று உடம்பு முழுவதும் துடித்தது. கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். திறந்த பிறகுதான் பெற்றோர்களைப் பார்த்தேன். நான் கத்தினால் இவர்கள் என்ன செய்வார்கள்? நான் செய்ய நினைத்ததையே செய்வார்கள். ஒவ்வொருவரும் தங்கள் பிள்ளையை எடுக்க முன்னால் ஓடுவார்கள். அத்தனை பேரும் அந்தப் பலகை மேல் ஏறுவார்கள்.

வாயை மூடிக்கொண்டேன். பக்கச் சுவரை ஒட்டியே நடந்து டீச்சரிடம் போய், அவர் கையிலிருந்த தட்டுக்கழியைப் பிடித்தேன். தாளம் நின்றது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? சாமிக்கு முன்னால சப்பாத்தோட வந்து நிக்கிறீர்."

குனிந்து அவர் காதோரம் சொன்னேன். "டீச்சர், முன்னாடி தரை சரியில்ல. சத்தமா சொல்ல வேணாம். சின்னவங்க நின்ன எடத்துலயே உட்காரட்டும். பின் வரிசை முதல்ல வெளிய போகட்டும். முன்வரிசை கடைசியா, ஒவ்வொருத்தரா வரட்டும்."

அவருக்குக் கோபம் குறையவில்லை. ஆனால் குரலில் அது தெரியவில்லை. அந்தப் பெண்மணிக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

"பின்னுக்கு நிக்கிற பிள்ளையள் வாசல் பக்கம் மெல்லமா நடவுங்கோ. ஓடப்படாது. அம்மா அப்பாமாரும் எழும்பி வெளியில நில்லுங்கோ, இடம் காணாது. முன்னுக்கு நிக்கிற சின்ன ஆக்கள் அப்பிடியே இருங்கோ. ஆர் அசையாமல் இருக்கினம் எண்டு பாப்பம்."

அது ஒரு விளையாட்டு என்று நினைத்துச் சின்னவர்கள் சிலையாக உட்கார்ந்தார்கள். வழி காலியானது. ஓரத்தில் இருந்தவர்களிலிருந்து ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தேன். இனியா நட்ட நடுவில் இருந்தாள். நடுவில் இருந்ததால் கடைசி. ஒரு பிள்ளை எழுந்து நடக்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்த்தாள், தன் பெயர் வரவில்லை என்று உதட்டைப் பிதுக்கினாள். முன்வரிசையை முதலில் எடுத்திருக்க வேண்டுமோ? வழி அடைத்திருந்ததே, முட்டி மோதியிருப்பார்களே? துணி துவைக்கும்போதும் குழந்தைக்குச் சோறு ஊட்டும்போதும் அந்த வரிசையை மனத்துக்குள் மாற்றி மாற்றி அனுப்பிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறது.

எல்லாரும் வெளியே வந்தார்கள். எதுவும் இடியவில்லை. அங்கேதான் என் வினை தொடங்கியது.

எதுவுமே நடக்கவில்லை என்றால் நடுவில் நின்று நிறுத்தியவள்தான் பைத்தியக்காரி. குழுவின் செயலாளர் சேகர் அண்ணா, திருச்சிக்காரர், படிக்கட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, மாசக்கணக்கா ஆடுற தரை இது. மில்லு ஓடின தரை. நம்ம பசங்க பாதத்துக்கா ஒடஞ்சிடும்? இந்த எடமும் போச்சுன்னா உங்க வீட்டு ஹால்ல வெச்சுக்கலாமா?"

ஆலை ஓடிய தரை வேறு, மூடிய பலகை வேறு என்று சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கும் நினைவில் நின்றது, நான் சாமிக்கு முன்னால் செருப்போடு போனதுதான். நியூ லின் மாலில் என்னைப் பார்த்தால் இன்னும் சிலர் முதலில் குனிந்து காலைப் பார்க்கிறார்கள்.

அங்கிருந்தே மேலாளரைத் தொலைபேசியில் அழைத்தேன். முழுவதையும் கேட்டார். பிறகு மிகக் கனிவாக ஒரு கேள்வி கேட்டார். "நீ இப்போது எங்கள் ஊழியராகப் பேசுகிறாயா, அம்மாவாகப் பேசுகிறாயா?" நான் பதில் தேடுவதற்குள் அவரே சொன்னார். புதிதாகக் குழந்தை பெற்றவர்களுக்கு எல்லா இடத்திலும் ஆபத்து தெரியும், தனக்கும் அப்படி இருந்தது, ஓய்வெடு, திங்கட்கிழமை பொறியாளரை அனுப்புகிறேன் என்றார்.

கனிவாகச் சொன்னதால்தான் எனக்கு இன்னும் எரிகிறது. திட்டியிருந்தால் திருப்பிச் சொல்லியிருப்பேன். அம்மாவாக நடந்துகொண்டேனாம். அம்மாவாக நடந்துகொண்டிருந்தால் நான் ஓடியிருப்பேன். பலகை மேல் குதித்து என் பிள்ளையை முதலில் தூக்கியிருப்பேன். மற்றவர்கள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, என் பிள்ளையைக் கடைசியில் உட்கார வைத்திருப்பேனா? உங்களிடம் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் பேசாமல் இருந்துவிடாதீர்கள், தம்பி தங்கைகளே. நான் பேசாமல் இருந்தேன்.

பொறியாளர் கீழேயிருந்து காபிக் கடையின் கூரையைத் திறந்து பார்த்தார். திறப்பை மூடிய சட்டங்களில் இரண்டு நீளவாக்கில் பிளந்திருந்தன. ஒன்று தன் தாங்கியை விட்டே கழன்றிருந்தது. அன்று விழுந்திருக்குமா என்று கேட்டேன். தெரியாது, இன்னொரு ஒத்திகை தாங்கியிருக்கலாம், தாங்காமலும் போயிருக்கலாம் என்றார். நேர்மையான மனிதர். அந்தப் பதில் எனக்குத் தூக்கம் தரவில்லை.

உரிமையாளருக்கு அது நல்ல சாக்கானது. அனுமதித்த அமைப்பை மாற்றிவிட்டார்கள் என்று சொல்லி வகுப்பை வெளியேற்றினார். தரையைப் பலப்படுத்தினார். விடுப்பு முடிந்து வேலைக்குப் போன முதல் வாரமே மேலாளரிடம் இதைப் பேசினேன். பிள்ளைகள் எங்கே பார்த்து ஆடுவார்கள், சாமி எங்கே இருக்கும், செருப்பு எங்கே போகும் என்று நாம் ஏன் கேட்கவில்லை என்றேன். வாடகைக்கு வருகிறவர்களின் மதத்தைப் பற்றி நாம் கேட்பதில்லை, வரைபடத்தைத் தெளிவாகக் கொடுத்தோம், அவர்கள் அதிலிருந்து விலகினார்கள் என்றார்.

நான் மேல் தளத்துக் கண்ணாடியை நினைவுபடுத்தினேன். இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் வடக்கை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, வெயில் அடிக்கும் பக்கத்தில் வைத்தார்கள். அதற்கு நம் அலுவலகம் வைத்திருக்கும் பெயர் தனித்தன்மை. ஓரத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சாயத்தைக்கூடச் சுரண்டக் கூடாது என்று பாதுகாக்கிறோம். நாங்கள் எங்கள் கிழக்கைக் கொண்டுவந்தோம். அதற்குப் பெயர் விலகலா என்று கேட்டேன். அவர் சிரித்தார். நல்ல ஒப்புமை என்றார். அவ்வளவுதான்.

சில மாதங்களில் உரிமையாளருக்குப் புதிய திட்டம் வந்தது. மேல் தளம் பெரிய திருமணக்கூடம் ஆகப்போகிறது. பழைய திறப்பின் மேல் கண்ணாடித் தரை போட்டு, ஆலையின் இதயத்தைப் பாருங்கள் என்று விளக்கு வைக்கப்போகிறார்கள். அதற்காகக் கட்டடத்தின் வரலாற்றை எங்கள் அலுவலகம் எழுதியது. கம்பளி ஆலை, மரச்சாமான் கிடங்கு, தொலைபேசி அலுவலகம், காபிக் கடை எல்லாம் இருந்தன. நடன வகுப்பு இருந்த காலத்துக்கு நேராக, மேல் தளம் காலியாக இருந்தது என்று எழுதியிருந்தார்கள். அத்தனை பாதங்கள் தேய்த்த தரை. தேய்ந்த இடத்தைப் பார் என்று சொல்லிக் கொடுத்தவரே அதற்குக் கையெழுத்திட்டிருந்தார். கேட்டதற்கு, தற்காலிகப் பயன்பாடுகளை எல்லாம் சேர்க்க முடியாது என்றார். கிடங்கு மட்டும் நிரந்தரமா என்றேன். அந்த வாரமே வேலையை விட்டேன். அவசரப்பட்டேனோ என்று கணவரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். வீட்டுக் கடன் தவணை வரும் நாளில் அவர் கொஞ்சம் தாமதித்துப் பதில் சொல்கிறார்.

வகுப்பு இப்போது த்ரீ கிங்ஸில் ஒருவர் வீட்டுக் கார் ஷெட்டில் நடக்கிறது. கான்கிரீட் தரை. பிள்ளைகளுக்கு முட்டி வலி. பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். அந்த ஆலை மரத்தரை இப்போது பலமாக இருக்கிறது. அங்கே வார நாட்களில் வகுப்பு திரும்ப நடக்க இடம் கேட்கலாம். ஆனால் அங்கே வகுப்பே இருந்ததில்லை என்று எழுதிவிட்டால் எந்த உரிமையில் கேட்பது?

திட்டத்தைப் பற்றி நகராட்சியில் விசாரணை நடக்கப்போகிறது. யாரும் எழுந்து பேசலாம். நான் பேசுகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டேன். அங்கிருந்து ஒரு பெண் அழைத்தாள். நிபுணராகப் பேசுகிறீர்களா, பாதிக்கப்பட்ட பொதுமக்களில் ஒருவராகப் பேசுகிறீர்களா என்று கேட்டாள். நிபுணர் என்றால் நடுநிலையானவராக இருக்க வேண்டும், மகள் அங்கே படித்ததைச் சொன்னால் சாட்சியத்தின் எடை குறையும். தாயாகப் பேசினால் சில நிமிடங்கள் தருவார்கள், தரையைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் நான் சொல்வது ஒரு தாயின் கருத்தாக மட்டும்தான் எடுத்துக்கொள்ளப்படும் என்று விளக்கினாள். இரண்டுமாகப் பேசலாமா என்று கேட்டேன். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றாள். மேலாளர் கேட்ட அதே கேள்வி.

சேகர் அண்ணாவிடம் சொன்னேன். தரையைத் திறந்து பார்த்த சேதி வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் பேசுகிறார். நிபுணராவே பேசும்மா, அதான் எடுபடும், பாப்பா பேச்சையே எடுக்காத என்றார். டீச்சரிடம் சொன்னேன்.

"நீர் ஆரா வந்து கதைச்சாலும் எனக்குச் சரி. அங்க பிள்ளையள் ஆடினது உண்மை எண்டு ஒரு ஆள் சொல்ல வேணும், அவ்வளவுதான்." பிறகு, "ஆனா இந்தமுறை சப்பாத்தைக் கழட்டிப்போட்டுப் போம்," என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது இனியா இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுவிட்டு, ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே கேட்டாள். "அம்மா, அன்னைக்கு ஒய் வாஸ் ஐ லாஸ்ட்?" ஏன் தன்னைக் கடைசியாக அழைத்தேன் என்று அவள் இத்தனை நாள் கேட்டதில்லை. நீ நடுவில் இருந்தாய் என்றேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை.

உங்களில் யாராவது இப்படிப்பட்ட விசாரணையில் பேசியிருக்கிறீர்களா? நடுநிலைக்காரி என்று எழுந்து நின்றால் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிள்ளையை என் வாயாலேயே நான் இல்லையென்று ஆக்குகிறேன். மேல் தளம் காலியாக இருந்தது என்று அவர்கள் எழுதியதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? தாய் என்று எழுந்து நின்றால், தரையைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு தாயின் பயமாகிவிடும். அன்று காலை அந்த அறையில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தியால் அந்தப் பிள்ளைகளை வெளியே கொண்டுவந்திருக்க முடியாது. இதை எப்படிச் சொன்னால் அவர்கள் கேட்பார்கள்? விசாரணைக்கு முன்னால் எழுதுங்கள். என் பெயரை அழைக்கும்போது நான் யாராக எழுந்து நிற்க வேண்டும்?